ஐம்பது வெள்ளி

பாயான் லெப்பாஸ், இரவு ஷிப்டின் டீ நேரம்.
"கேன் ஐ லெண்ட் யூ ஃபிப்டி ரிங்கிட்?"
சியூ லிங் உள்ளங்கையை நீட்டினாள்:
"கொடு."

மலாயில் பிஞ்சாம் என்றால் போதும்;
யார் கை காலியென்று
முகமே சொல்லிவிடும்.
இங்கிலீஷ் முகம் பார்ப்பதில்லை.

சிரித்து முடித்துத்தான் நோட்டை மடித்துத் தந்தாள்.

விடியலில் கம்பெனி பஸ் பாலம் ஏறியதிலிருந்து
"பாரோ, பாரோ" என்று முணுமுணுத்தேன்.
"எதைப் பார்க்கணும்?"
பாதித் தூக்கத்தில் கேட்டாள் செண்பகவல்லி.
ஜன்னலில் கடல்தான் இருந்தது.

சம்பளத்தன்று திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த மாதக் கடைசி, லாக்கர் ஓரம், அவள்:
"கேன் ஐ லெண்ட் யூ..."
கேலியா, கூச்சமா, தெரியவில்லை.
நான் கை நீட்டவில்லை.
பர்ஸில் நாற்பத்திரண்டு வெள்ளி இருந்தது.