திருத்திய பிரதி

மொண்டேவிடியோ. துறைமுகத்துக்குப் பின்தெருவில்
மழைக்கு ஒதுங்கிய காப்பிக்கடை.
சீட்டை மேசையில் அறைந்து ஒசுவால்தோ சொல்கிறார்:
"அன்று இருந்தவர்கள் மனிதர்கள்.
இன்று இருப்பவை வாய்கள்."
மேசை முழுக்கத் தலைகள் ஆடுகின்றன.
சுவரில், ஒலி அணைத்த தொலைக்காட்சியில்
செனட்டர் ஃபாகுண்டோ கபூட்டி
விரல் நீட்டி யாரையோ கிழித்துக்கொண்டிருக்கிறார்.

நான் எதுவும் சொல்லவில்லை.
சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரிக்கிறேன்.

அந்த மன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவள் நான்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருத்தி என்று முறை.
பளிங்குத் தரையில் செருப்போசை எழாமல் நடந்துபோய்
பேச்சின் நடுவில் உட்காருவோம்,
நடுவிலேயே எழுந்து வருவோம்.
அதனால் எந்தப் பேச்சுக்கும் எனக்குத் தொடக்கம் தெரியாது,
முடிவும் தெரியாது.
நடுப்பகுதிகள் தெரியும்.
பொய்க்குக் குடியிருப்பு அங்கேதான்.

டாக்டர் ஒலெகாரியோ பெந்தோஸ்.
இன்று வெண்கலக் கோட்டு,
கோட்டின் மடிப்பில் புறா எச்சம்,
பீடத்தில் ஒரு வரி:
"தாகத்தோடு நிற்பவனிடம் கிணற்றின் ஆழம் பேசாதே."
பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள்.

என் ஏட்டில் உள்ளபடி அவர் சொன்னது:
"இந்தக் கிணறு... அதாவது தாகம்... ஆழம் என்று...
தண்ணீர் கொடுங்கள் ஐயா.
எனக்கில்லை, மக்களுக்கு.
சரி, எனக்கும்."

இரவு பதினொரு மணிக்குத் தட்டச்சு மேசையில்
நானும் நீவெஸும் உட்கார்ந்து
அவருடைய எழுவாய்க்கும் பயனிலைக்கும்
கல்யாணம் செய்து வைத்தோம்.
மொய் வைக்க யாரும் வரவில்லை.

ஓய்வூதிய மசோதா அன்று
எதிர்வரிசைப் பெண்ணைப் பார்த்து அவர் எறிந்த சொல்லை
இறைச்சிக் கிடங்கிலும் எவனும் சொல்லமாட்டான்.
(குறுக்கீடு) என்று எழுதினோம்.
ஒரு காலத்தின் சேறு முழுவதையும்
இரண்டு பிறை வளைவுக்குள் மூடிவிடலாம்.
கை சுத்தமாகவே இருக்கும்.

கபூட்டிக்கு அந்த வளைவுகள் இல்லை.
அவர் தும்மினால் தும்மல்,
திட்டினால் திட்டு,
ஊர் முழுக்க ஏழு வினாடிக்குள் போய்ச் சேர்கிறது.
அவருக்கு ஒரு நீவெஸ் கிடைத்திருந்தால்
அவரும் இந்நேரம் பாதி வெண்கலம்.

இதைச் சொல்லித் தொலைக்கலாம் என்று வாய் திறந்தேன்.
அப்போது அந்த இரவு வந்து குறுக்கே நின்றது.

மன்றத்தைப் பூட்டுவதற்கு முந்தைய இரவு.
வெளியே லாரிகள் வந்துகொண்டிருப்பது எல்லாருக்கும் தெரியும்.
பெந்தோஸ் எழுந்தார். என் முறை.
ஒரு சொல் பிசகவில்லை.
பாதியில் என் பென்சில் முனை முறிந்தது.
அவர் நிறுத்தினார்.
நான் சீவினேன்.
கை நடுங்கியதில் மறுபடி முறிந்தது.
மறுபடி சீவினேன்.
அத்தனை நேரமும், கதவுப் பக்கம் பாராமல்,
"அம்மா எழுதி முடிக்கட்டும்" என்று நின்றார்.
அந்தப் பக்கத்தில் நாங்கள்
ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை.

விடியுமுன் ஆற்றைக் கடந்து தப்பினார்.
பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்பினார்,
மைத்துனனுக்குத் துறைமுக ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்தார்.
அவரும் அதே ஆள்தான்.
இவரும் அதே ஆள்தான்.
எந்த அவரை எந்த இவரோடு நிறுப்பது, ஒசுவால்தோ?

கபூட்டிக்கு அப்படி ஓர் இரவு இன்னும் வாய்க்கவில்லை.
வாய்க்காமலே போகட்டும், ஊருக்கு நல்லது.
ஆனால் வந்தால்
அவர் நிற்பாரா, தெரியாது.
நின்றாலும்
முறிவதற்கு யாரிடமும் பென்சில் இல்லை.

"கொஞ்சம் ஒலி வையுங்கள்" என்றேன் பரிமாறும் பையனிடம்.
கபூட்டி கத்துகிறார்.
வாக்கியம் நொண்டுகிறது,
ஒருமையில் தொடங்கிப் பன்மையில் விழுகிறது.
மேசையில் சிந்திய சர்க்கரையில்
என் விரல் தானாக ஓடியது,
எழுவாயைத் தேடி.

பழக்கதோஷம்.
விரலை மடக்கிக்கொண்டேன்.
இருக்கட்டும்,
பேசியபடியே.