ஏற்கெனவே வழிகிறது

மூன்று வருஷமாக என் வலைத்தளத்தில்
ஒரு நீல லாரி மட்டும் நின்றுகொண்டிருந்தது.
கழிவுநீர்த் தொட்டி காலி செய்து தரப்படும்,
சோன்ச்சி முதல் கெம்ச்சி வரை, என்று ஒரு வரி.
அதன் கீழே தொலைபேசி எண்.
அதில் ஓர் இலக்கம் தப்பு.

எட்கார்டோ கட்டிய தளம் அது.
தீவை விட்டு வடக்கே தாமிரச் சுரங்கத்துக்குப் போனவன்
எப்போதாவது குரல் அனுப்புவான்:
"படிவமா, டோன்யா ஹெர்மிந்தா? பெரிய வேலை.
கோட் எழுதணும். அடுத்த வெர்ஷனில் பார்ப்போம்."
கோட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது.
அடுத்த வெர்ஷன் என்றால் தெரியும்.
என் கணவன் கூரையைப் பற்றி அப்படித்தான் பேசுவான்.

கடைசியில் கடவுச்சொல்லை மட்டும் கேட்டு வாங்கினேன்.
பிருஹோ, பிறகு நான்கு எண்கள்.
அது அவன் அம்மா வீட்டு நாயின் பெயர்.

ஞாயிறு. படகு ஓடவில்லை.
மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
அடுப்புக்குப் பக்கத்தில் மடிக்கணினியைத் திறந்து
திரையின் ஓரத்தில் அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒன்றை
விரலால் இழுத்து, லாரிக்குக் கீழே விட்டேன்.
ஒட்டிக்கொண்டது.
இவ்வளவுதானா என்று இன்னொன்றை இழுத்தேன்.
அதுவும் ஒட்டிக்கொண்டது.
குழாய் இறக்குவதைவிடச் சுலபம். நாற்றமும் இல்லை.

படிவம் தானாகச் சில கேள்விகளோடு வந்தது.
உங்கள் நிறுவனம்? உங்கள் பதவி?
அழித்தேன். தொட்டி நிரம்பியவனுக்குப் பதவி ஏது?
மின்னஞ்சல் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம்,
அதைத் தராமல் யாரும் உள்ளே வர முடியாதாம்.
என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு
ரேடியோவும் ஆடும்தான் உண்டு.
ஒரு தொடுதலில் நட்சத்திரம் அணைந்தது.

எவ்வளவு அவசரம்? இது நானே எழுதியது.
சொடுக்கினால் மூன்று பதில் விழும்:
இந்த மாதம்.
இந்த வாரம்.
ஏற்கெனவே வழிகிறது.

"சமர்ப்பிக்கவும்" என்றிருந்தது பொத்தானில்.
மேயருக்கு மனு கொடுப்பதுபோல் இருந்தது எனக்கு.
"சீக்கிரம் வாங்க" என்று மாற்றினேன்.

சரிபார்க்க என் பெயரையே நிரப்பி அழுத்தினேன்.
மேசைமேல் கைபேசி துள்ளியது:
அன்புள்ள ஹெர்மிந்தா, உங்கள் செய்தி கிடைத்தது,
விரைவில் தொடர்புகொள்கிறோம்.
நான் எழுதிய வரிதான்.
ஆனாலும் அதை இரண்டு முறை படித்தேன்.
மூன்று வருஷமாக எனக்கு யாரும்
இப்படி உடனே பதில் சொன்னதில்லை.

திங்கள் விடியுமுன், நாலு நாற்பதுக்கு,
முதல் படிவம் வந்து விழுந்தது.
இடம்: கெம்ச்சி, தேவாலயத்துக்கு மேலே, மஞ்சள் வீடு.
அவசரம்: மூன்றாவது பதில்.
குறிப்பு: "அம்மா தனியாக இருக்கிறாள்.
இதை யார் செய்து கொடுத்தது உங்களுக்கு?"
பெயர்: எட்கார்டோ.

அவனுக்கும் அதே வரி போயிருந்தது,
விரைவில் தொடர்புகொள்கிறோம் என்று.
நான் தொடர்புகொள்ளவில்லை. லாரியை எடுத்தேன்.

மஞ்சள் வீட்டு வாசலில்
கடவுச்சொல் குரைத்துக்கொண்டு ஓடிவந்தது.
"பிருஹோ! பிருஹோ!" என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.
தளத்தைத் திறந்த பெயர் நாயிடம் பலிக்கவில்லை.
இடது பூட்ஸுக்கு மேலே, கெண்டைச் சதையில்.

நாலாயிரம் லிட்டர் உறிஞ்சினேன்.
அவன் அம்மா காயத்தைக் கழுவி, காபி கொடுத்து,
பணத்தை இரண்டு தடவை எண்ணித் தந்தாள்.
தள்ளுபடி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு லாரியில் உட்கார்ந்து,
கால் விண்விண்ணென்று தெறிக்க,
கைபேசியிலேயே படிவத்தைத் திறந்தேன்.
புதிய பெட்டி ஒன்றை இழுத்து
பெயருக்கும் மேலே வைத்தேன்:
நாய் உண்டா? கட்டியிருக்கிறதா?

இதற்கு மட்டும் நட்சத்திரம் போட்டேன்.