விண்ணப்ப எண் ஒன்று

"வாஷிங்டனே, ஆற்றில் கை வைக்காதே" என்று
கொட்டகைச் சுவரில் எழுதியவன் நான்.
சிவப்புப் பெயின்ட், இரண்டு பூச்சு.
மூன்று வருட மழை மற்றதையெல்லாம் கழுவிவிட்டது.
"கை" மட்டும் போகவில்லை.

ஊர்க்கூட்டத்தில் கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள்.
நூற்று நாற்பத்தொன்றுக்கு நூற்று முப்பத்தாறு.
ஐந்து கைகளின் பலத்தில்
எங்கள் ஹாலெட் ஆறு நாட்டுக்கே அழகாயிற்று.
இருபத்தோரு மைல்:
பழைய காகித ஆலை அணையின் காலடியிலிருந்து
உப்பங்கழி தொடங்கும் இடம்வரை.
அணைக்கு மேலே இருப்பது சட்டப்படி அழகில்லை.
அல்லி பூப்பதென்னவோ அங்கேதான்.

சட்டம் வந்தது, ஆள் வரவில்லை.
காக்கிச் சட்டைகளை எதிர்பார்த்து
கேட்டுக்குப் புதுச் சங்கிலி வாங்கி வைத்திருந்தேன்.
வந்தது ஒரு கடிதம்.
நிலம் உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது.
ஐந்து ஊர், ஊருக்கு ஒருவர்,
மாதத்தின் முதல் செவ்வாய், தீயணைப்பு நிலையம், மாலை ஏழு.
எங்கள் ஊரில் யாரும் முன்வரவில்லை.
"திட்டத் தெரிந்தவனே போகட்டும்" என்றார்கள்.

போனேன்.
கூட்டாட்சி அரசு என்பது ஈனெஸ் என்ற பெண்.
சேறு காயாத ரப்பர் பூட்ஸ், ஒரே ஒரு ஓட்டு.
மடக்கு நாற்காலியைத் தானே விரித்து உட்கார்ந்து
காக்க வேண்டியவற்றை வாசித்தாள்:
மீன், பறவை, பாறை, கண்ணுக்கு இனிமை.
கடைசியை எந்தக் கோலால் அளப்பது என்று கேட்டேன்.
தலைவி மர்னா லெவெக், பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்,
என் கேள்வியைக் குறித்துக்கொண்டாள். பதில் இன்னும் வரவில்லை.

அந்த ஏப்ரலில் பனி ஒரே இரவில் உருகி
என் வைக்கோல் வயலில் ஒன்பது அடியை
ஆறு கேட்காமல் எடுத்துக்கொண்டது.
கரைக்குக் கல் அடுக்க வேண்டும், நாற்பது லோடு.
படிவம் நிரப்பினேன்.
அனுப்ப வேண்டிய இடம்
நான் உட்காரும் மேசை.

"ஆல்டன், உன் விஷயம். கொஞ்சம் வெளியே இரு."
தீயணைப்பு வண்டியின் அருகில் நின்றேன்.
அதன் தொட்டியிலும் எங்கள் ஆறுதான்,
ஆயிரம் காலன், அசையாமல்.
கதவுக்கு அந்தப் பக்கம்
என் கரையை என்னைவிட அறிந்தவர்கள் பேசினார்கள்.
இங்கே கல் வைத்தால் வேகம் எதிர்க்கரைக்குப் போகும்;
எதிர்க்கரை லீமன் ப்ரூவின் பூசணித் தோட்டம்;
வளைவு மணலில் ஆமை முட்டையிடுகிறது.
லீமன்,
அன்று எனக்கு ஏணி பிடித்தவன்.

ஐந்துக்கு ஒன்று. நிராகரிப்பு.
அந்த ஒன்று ஈனெஸ் என்று பிறகு தெரிந்தது.
பாதி தூரத்துக்காவது கொடுக்கலாம் என்றாளாம்.
என் ஆட்கள்தான் மசியவில்லை.
யாரைத் திட்டுவதென்று தெரியாமல்
வீடுவரை இரண்டாம் கியரிலேயே ஓட்டினேன்.

மே மாதம் ஆறு பேர் வந்தார்கள், லீமனும்.
வில்லோ குச்சிகளை ஈர மண்ணில் அறைந்தோம்.
முந்நூறு.
இருநூற்றுப் பத்து துளிர்த்தது.
மிச்சத்தை பீவர் கடித்துக் கொண்டுபோனது,
படிவம் எதுவும் நிரப்பாமல்.

இந்த வசந்தத்தில் போனது இரண்டடி.
டேப் வைத்து அளந்தேன், இரண்டு தடவை.
குறிப்பேட்டில் எழுதினேன்.
கருத்து என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

கொட்டகைக்கு வெள்ளையடிக்கலாமா என்கிறாள் மகள்.
இருக்கட்டும்.
சாயங்கால வெயிலில் இன்னும் தெரிகிறது,
ஆற்றைப் பார்த்தபடி,
"கை".