மீட்பு எண்

வெள்ளிக்கிழமை பழைய இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள்.
ஃபைபர்காரப் பையன் நேற்றே வந்து
முன்சுவரில் ஓட்டை போட்டு
வெள்ளை வயரைச் சுருட்டித் தொங்கவிட்டுப் போனான்.
"பழைய கம்பெனி குடுத்த மெயில் ஐடி
லைனோட போயிடும் மேடம்,
வேணுங்கறத வேற எடத்துக்கு மாத்திக்குங்க"
என்றான், செருப்பை மாட்டிக்கொண்டே,
கேஸை மூடிவிட்டுத் தூங்கச் சொல்வதுபோல.

பதினோராயிரத்துச் சொச்சம் கடிதங்கள்.
முகவரியில் இரண்டு பெயர்,
நடுவில் ஒரு புள்ளிகூட இல்லாமல்:
கிரிஜாஃபுளோரா.
அன்றைக்கு எங்களுக்குப் புள்ளி வைக்கத் தெரியவில்லை.
பிறகு வைத்தோம்.

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டில்
மருந்துக்கடைக்கு மேலே எங்கள் தையல்கடை.
மஸ்கட்டிலிருந்தும் நியூ ஜெர்ஸியிலிருந்தும்
மெயிலில் வரும் அளவுகள்.
தோள் பதினாலு. கை பத்தரை.
முன்கழுத்து ஆறே முக்கால்.
போன தடவை அக்குளில் பிடித்தது,
இந்தத் தடவை தாராளமாக.
ஒருத்தி மூன்று வருடம் வெறும் எண்களாக எழுதினாள்.
முப்பத்தி நாலு. அப்புறம் முப்பத்தெட்டு.
அப்புறம் பாவாடை சட்டை ஒன்று, வயது ஒன்று.
வெள்ளம் வந்த டிசம்பரில் மட்டும் ஒரு வரி கூடுதல்:
துணி நனைந்தால் பரவாயில்லை, நீங்கள்?

நீங்கள் என்றால் நாங்கள் இரண்டு பேரும்.

பழைய பெட்டியைத் திறக்க
ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம் என்றது திரை,
எட்டு நட்சத்திரம் போட்டு
நாற்பத்தேழில் முடியும் கைபேசிக்கு.
என்னுடையது முடிவது பதினொன்றில்.

ஓவர்லாக் மெஷின் யாருக்கு என்பதுதான் சண்டை.
பதினெட்டாயிரம் ரூபாய் மெஷின்.
இப்போது அது அவளிடமும் இல்லை என்று கேள்வி.

பத்து நிமிடம் செல்லும் என்றது.
கொளத்தூரில் எங்கோ
அவள் கைப்பையிலோ அடுப்பு மேடையிலோ
என் பொருட்டு ஒரு போன் அதிர்ந்திருக்கும்.
ஆறு வருடத்தில் முதல் தடவை.
கூப்பிடலாம்.
கீழே தண்ணி லாரி ஹாரன் அடித்தது, நல்லவேளை.
நாலு குடம் தூக்கி வந்து பார்த்தால்
எண் காலாவதி.

மறுபடி அழுத்தினேன்.
இரண்டாவது நிமிடம் போன் அடித்தது.

"நீயா, திருடனா?"
"நான்தான்."
"அதானே. திருடனா இருந்தா
இந்நேரம் ஃபோன் பண்ணிக் கேட்ருப்பான்."
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
அவள் பக்கம் மோட்டார் வைத்த மெஷின் ஒன்று
ஓடி, நின்று, ஓடியது.

"எழுதிக்கோ."

யாரோ ஒருத்தியின் தோளில் டேப்பை வைத்தபடி
ஒரு நாளைக்கு நூறு முறை சொன்ன சொல்.
என் கை தானாகவே
கரண்ட் பில்லைத் திருப்பிப் போட்டது.
நாலு என்றாள். நாலு என்றேன்.
ஒம்போது. ஒம்போது.
ஜீரோ. ஜீரோ.
ரெண்டு. ரெண்டு.
இன்னொரு ரெண்டு. சரி.
ஏழு என்று நிறுத்தினாள்.
ஏழேகாலா, ஏழரையா என்று
கேட்க வாயெடுத்துவிட்டேன்.

"எல்லாத்தையும் எடுத்துக்கறியா?"
"எல்லாத்தையும்."
"அந்த மஸ்கட்காரி ரெண்டாயிரத்தி நானூறு பாக்கி.
அந்த மெயிலையும் எடு."
வைத்துவிட்டாள்.

இப்போது இரவு ஒன்றேகால்.
முப்பத்தொரு சதவீதம் வந்திருக்கிறது.
கழுத்து, இடுப்பு, கை நீளம்,
தீபாவளிக்கு முன்னால் வேண்டும்,
கொக்கி வேண்டாம், முடிச்சு போதும்,
எல்லாம் வரிசையில் நின்று
வீடு மாறிக்கொண்டிருக்கின்றன.
யாருடைய இடுப்பும் இன்று அந்த அளவில் இருக்காது.

புதிய கணக்கும் கேட்கிறது:
மீட்பு எண்?
பத்துக் கட்டம்.
எட்டை அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.