ஒன்று புள்ளி ஏழு

உறைநிலைக்குக் கீழே முப்பத்தொரு பாகை.
கெமியார்வியில் காலை ஆறரை,
காலை என்பது இங்கே கடிகாரம் சொல்லும் சொல் மட்டும்.
சாவியைத் திருப்பினேன்.
வாய் திறந்த பானைக்குள் ஒரு வியப்புக்குறி
மஞ்சளாய் எரிந்தது.
அதில் வியக்க ஒன்றுமில்லை, மூன்று மாதமாய்ப் பழக்கம்.

நகராட்சி வண்டி.
வீடு வீடாய்ப் போகும் செவிலியர்
ஆறு பேருக்கும் பொது.
யாருக்கும் சொந்தமில்லாததால்
எல்லாருக்கும் தெரிந்திருந்தது அந்தப் பொத்தான்:
ஸ்டியரிங்குக்கு இடப்புறம், முழங்கால் அருகே.
அழுத்திப் பிடித்தால் மும்முறை சிமிட்டி அணையும்.
"குளிருக்குக் காற்று சுருங்கும், அவ்வளவுதான்"
என்பாள் சைனி. பொய்யுமில்லை.
பத்துப் பாகை இறங்கினால்
டயருக்குள் காற்றும் நம்மைப் போல் கொஞ்சம் குறுகிக்கொள்ளும்.

நானும் அழுத்தியிருக்கிறேன்.
அக்டோபரில் இரண்டு தரம்.

இன்று வலப்பக்கமாய் இழுத்தது வண்டி.
பெட்ரோல் நிலையத்தில் காற்றுக் குழாய்
செத்த பாம்பாய் விறைத்துக் கிடக்க,
யூசோ உள்ளேயிருந்து வேறொன்று கொண்டுவந்தான்,
கையுறையைப் பல்லில் கவ்விக்கொண்டு அளந்தான்.
ஒன்று புள்ளி ஏழு.
ஒன்று புள்ளி ஏழு.
ஒன்று புள்ளி ஏழு.
பின்வலது, ஒன்று புள்ளி இரண்டு.
கதவோரத்து ஒட்டுத்தாளில் இருப்பதோ
இரண்டு புள்ளி நான்கு.

"இதற்குக் காற்றைத் தெரியாது" என்றான்
கூரையைத் தட்டி, ஏதோ மாட்டைத் தட்டுவதுபோல.
"சக்கரம் சுற்றுவதை எண்ணும், வேறொன்றும் இல்லை.
காற்று இறங்கியது சிறுத்துப்போகும்,
சிறுத்தது கூட வர அதிகம் ஓடவேண்டும்,
அந்தப் பதற்றத்தைத்தான் பிடிக்கும்.
நான்கும் சேர்ந்து இறங்கினால் மூச்சு விடாது.
பொத்தானை அழுத்தும்போது என்ன இருக்கிறதோ
அதுதான் சரி என்று எழுதிக்கொள்ளும்."

எச்சில் தொட்டு வால்வில் வைத்தான்,
குமிழி வருமுன் உறைந்தது.
சிரித்தபடி உள்ளூசியை மாற்றினான்.

இரண்டு புள்ளி நான்கு, நான்கிலும்.
பிறகு பொத்தான். மும்முறை சிமிட்டல்.
இனி இருபது நிமிடம் சீராய் ஓட்டவேண்டுமாம்,
தன் சக்கரங்களை அது புதிதாய்க் கற்க.
அர்மாஸ் கெஸ்கிதாலோ வீடு
ஏரியைச் சுற்றிச் சரியாக இருபது நிமிடம்.

அவர் நாற்காலியில் அரைத் தூக்கம்.
"குளிருக்குத்தான்" என்றார், நான் கேட்குமுன்.
கைப்பட்டை விம்மி, தளர்ந்து, நின்றது:
எண்பத்தெட்டு.
குறிப்பேட்டில் நேற்றும் எண்பத்தெட்டு, எதிரே
அவருக்கு வழக்கம்.
அதற்கு முன்வாரமும். அவருக்கு வழக்கம்.
ஐந்து கையெழுத்து, ஒன்று என்னுடையது,
வளைந்த கால் போட்ட அதே ழ-வைப் போல
எங்கேயும் தப்பாமல் அடையாளம் தெரியும் என் சாய்வு.
தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
ஆகஸ்ட்டில் நூற்று இருபத்தாறு.
பிறகு புது மாத்திரை. பிறகு மெதுவாக,
யாரும் முந்தாமல், எல்லாரும் சேர்ந்து.

மருத்துவர் எடுக்கும்வரை தொலைபேசியில்
பதினோரு நிமிடம் காத்திருந்தேன்.
"வண்டி ஓடிக்கொண்டே நிற்கிறதே" என்றார் அர்மாஸ்,
"எண்ணெய் வீண்."
நிற்கட்டும் என்றேன்.

திரும்பும் வழியில் பானை இல்லை, குறி இல்லை.
சாலையைவிட அதிகமாய் அந்த இருண்ட இடத்தையே
பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.