நான்காம் அறையின் உப்பு

ஃபெரோல் துறைமுகத்தில் மழை பெய்யாத நாளைக்
காலண்டரில் வட்டமிட்டு வைப்பார்கள்.
கட்டடத்துக்கு வெளியே ஈரம் இலவசம்.
உள்ளே அதை
அளந்து தயாரிப்பவள் நான்.

எழுபத்தைந்து விழுக்காடு. இருபத்தைந்து டிகிரி.
சமையல் உப்பைத் தண்ணீரில் போட்டு
இனிக் கரைய மாட்டேன் என்று அது அடியில் உட்காரும்வரை கலக்கி
அலமாரிக்குள் ஒரு தட்டில் வைத்தால் போதும்,
காற்று தானாகக் கணக்குக்கு வந்துவிடும்.
இதற்குப் பதினோரு வருஷமாகச் சம்பளம்.

கண் கிடையாது அவற்றுக்கு.
நுரையீரல் கிடையாது.
கால் மட்டும் எட்டு.
காற்றிலிருக்கும் தண்ணீரை
முன்னங்கால் இடுக்கில் வாங்கிக்கொள்ளும்.
உண்ணி என்று பெயரிட்டவர்
ஓர் எழுத்தையும் வீணாக்கவில்லை:
உண்ணும்.
உண்ணாத நேரத்தில் உண்டதைக் கழிக்கும்.
அந்தக் கழிவை நம்பித்தான் எங்கள் கம்பெனி,
என் வீட்டுக் கடன், பிரெய்ஷோவின் மோட்டார் சைக்கிள்.

ஈஸ்டும் கோதுமை முளையும்தான் தீனி.
முன்பு டெல்மிரோவின் சவரக்கடையிலிருந்து
தாடித் தூளும் வந்துகொண்டிருந்தது.
மின்சார ரேசரைத் தட்டித் தட்டிக்
காகித உறையில் சேர்த்துத் தருவார்.
"பாதிரியாருடையதும் இதில் இருக்கிறது,
மரியாதையாகப் பரிமாறு" என்பார்.
பிறகு புது விதிமுறை வந்து மனிதத் தோல் நின்றுபோனது.
உண்ணிகள் ஒன்றும் கேட்கவில்லை.
டெல்மிரோதான் இரண்டு கிறிஸ்துமஸ்வரை
உறையோடு வாசலில் வந்து நின்றார்.

ஒரு பிப்ரவரி சனிக்கிழமை
ஏழாம் குடுவையில் வேறு மாதிரி நடை.
இவை மாவுக்குள் அளைந்துகொண்டே போகும்.
அது ஓடியது. நின்றது. காத்திருந்தது.
முகத்தில் ஒரு இடுக்கி.
தன் இனத்தையே பிடித்து உறிஞ்சும் உண்ணி,
எந்தத் தீனி மூட்டையில் ஏறி வந்ததோ!
ஏழையும், அண்டை வீடுகளான ஆறையும் எட்டையும்
மூடி திறக்காமல் உறைபெட்டியில் வைத்தேன்.
மூன்று மாத வளர்ப்பு.
அன்றிரவு அழுதேன் என்றால் தங்கை சிரிக்கிறாள்.
சிரிக்கட்டும். அறுவடை நாளில்
கோடிக்கணக்கில் அதே உறைபெட்டிக்கு
அனுப்பிவைக்கும் கையும் இதுதானே.

சலித்து எடுத்தால்
பழுப்பு மணல். பழைய ரொட்டி வாசனை.
ஒரு கிராமுக்குள் ஒரு நகரம்.

முதலில் தும்மல்.
அப்புறம் இரவு மூன்று மணிக்கு
நெஞ்சுக்குள் யாரோ கெட்டிலை அடுப்பிலேற்றிவிட்டுப்
போனதுபோல் ஒரு விசில்.
மருத்துவர் என் முன்கையில் பத்துத் துளி வைத்து
ஒவ்வொன்றின் மேலும் குத்தினார்.
ஐந்தாவது துளி
பத்து நிமிடத்தில் நாணய அகலத்துக்கு எழும்பியது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்வார்கள்.
உப்பிட்டவள் நான்.
நினைப்பது என் ரத்தம்.

இப்போது எனக்கு ஆவணப் பிரிவில் மேசை,
மழை தெரிகிற ஜன்னல்.
முகக்கவசத் தடம் மூக்கிலிருந்து மறைந்துவிட்டது.
செவ்வாய்தோறும் மருத்துவமனை.
சபேலா குப்பியை விளக்குப் பக்கம் திருப்பித்
தொகுதி எண்ணை உரக்கப் படிக்கிறாள்.
எனக்கு அந்த எண் தெரியும்.
அக்டோபர்; ஈரம் ஒருநாள் எண்பதைத் தொட்டு
நான் ஞாயிற்றுக்கிழமை ஓடிப்போய்ச் சரிசெய்த தொகுதி.
சொல்லவில்லை.
"கையைத் தளர விடு, உஷியா."

ஊசிக்குப் பிறகு அரைமணி நேரம்
எழுந்து போகக் கூடாது, அது சட்டம்.
புஜத்தில் சூடு பரவுகிறது.
எதிர் நாற்காலிச் சிறுவன் தன் வீக்கத்தைப்
பேனாவால் சுற்றி வரைந்து
அதற்கு எட்டுக் கால் போடுகிறான்.
போனை எடுத்துப் பிரெய்ஷோவைக் கூப்பிட்டேன்:
நான்காம் அறைத் தட்டில் உப்பு
விளிம்பேறிப் பூத்திருக்குமே, தண்ணீர் விட்டாயா?

விட்டேன் என்கிறான்,
விடாதவன் குரலில்.