பதினோராவது ஜீப்

வண்ணார்பேட்டைக் கடையில் விற்றது பதினொன்று.
சார்ஜ் ஏறுகையில் பேட்டரி தீப்பிடிக்கலாம்,
திரும்ப வாங்குங்கள் என்று கம்பெனி கடிதம்.

பத்து வந்துவிட்டன.
ஒன்றின் ஸ்டியரிங்கில் முறுக்குத் தூள்.
ஒரு பையன் கடைக்குள்ளேயே ஓட்டிவந்து
பணம் எண்ணி முடியும்வரை
ஹாரன் அடித்தான், இறங்கவில்லை.

பதினோராவது பில்லில் பெயரில்லை.
'ரொக்கம்' என்று என் கையெழுத்துதான்.
இருபது ரூபாய் குறைக்கச் சொன்ன ஆள்,
"முக்கூடல் போவணும், இறுக்கிக் கட்டும்வே" என்று
மொபட்டில் ஏற்றிப் போனது மட்டும் நினைவு.

மூன்று ஞாயிறு பஸ் ஏறினேன்.
பீடிக் கம்பெனி வாசலில்
தட்டோடு நின்ற ஒருத்தி கேட்டாள்:
"சேவியர்ராசு வீட்டு மஞ்ச ஜீப்பா?"

இருந்தது.
கோழி அடைகாத்துக் கிடந்தது அதில்.
கொத்து வாங்கி சீட்டைத் தூக்கினால்
உள்ளே வெறும் ஒயர்.

"பேட்டரியா? கழத்தி ஆறு மாசமாச்சு மேடம்.
கரண்டு போனா அதுலதான் லைட்டு."
கை காட்டினார்.
தொட்டிலுக்குக் கீழே
சார்ஜில் கிடந்தது,
சிவப்புப் பொட்டு எரிய.

கடிதத்தில் ஜீப் என்றுதான் இருக்கிறது.
குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

"பைய, பைய" என்றார்,
"புள்ள இப்பதான் ஒறங்குது."